பார்த்ததாக ஒரு கையெழுத்து

அவர் எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை, எல்லோருக்கும் 'எச்செம்'; நான் அங்கே உடற்கல்வி ஆசிரியை. கேட்டுக்குள் இருக்கும்வரை 'மேடம்', கேட்டைத் தாண்டினால் 'அக்கா'. பெயரை எழுத மாட்டேன். ஒருமுறை பேப்பரில் வந்து அந்தப் பெயர் பட்ட பாடு போதும்.

அவருடைய பார்வையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். முறைக்கிற பார்வை இல்லை. கோபமும் இல்லை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அப்பப்பா! பொய்க் காரணம் சொல்லி லீவு கேட்கப் போனவர்கள் பாதியிலேயே உளறிக் கொட்டிவிட்டு வெளியே வருவார்கள். நானே 'வயித்து வலி மேடம்' என்று ஆரம்பித்து, 'நாத்தனார் வீட்டுல வளைகாப்பு' என்று முடித்திருக்கிறேன். லீவு கொடுத்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா பாவம் அந்த வயித்த இழுத்திருக்க வேண்டாமே அம்மிணி" என்றார்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்தில், கொங்குத் தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். மைசூருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. மேடையில் ஏறினால் அச்சடித்த மாதிரி கன்னடம் பேசுவார். இறங்கி என்னிடம் வந்தால் 'போகோணும்', 'பண்ணோணும்'தான். கணவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. குவெம்புநகரில் ஒரு சின்ன வீடு. ஊரில் தம்பி குடும்பம்.

எங்கள் பள்ளியில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் ஓர் அதிகாரி பச்சை மையில் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா, அந்தக் காகிதத்தோடு மகன் வந்து நின்றான். எல்லா ஆபீஸிலும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தருகிற கையெழுத்துதான். இவர் பேனாவைத் திறந்தார், காகிதத்தைப் படித்தார், மறுபடி பேனாவை மூடினார்.

"நான் அவரப் பாக்கலியே" என்றார்.

"காலையில கூட ரெண்டு ராகி முத்தெ சாப்பிட்டாரு மேடம்" என்றான் அவன், அழாத குறையாக.

"நீ பாத்தே. நான் பாக்கலியே."

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வெயிலில் நெடுஞ்சாலை ஓரம் இறங்கி, சந்து சந்தாகக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். பெரியவர் இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முழங்காலில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது எனக்குப் பசி, கோபம் வேறு. "அவர் உயிரோட இருக்கார்னு நமக்குத்தான் தெரியுமே அக்கா, இதுக்கு ஒரு சனிக்கிழமை பாழா?" என்றேன்.

"தெரியறது வேற, பாக்கறது வேற. பாத்தாத்தான் பாத்தேன்னு எழுதோணும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது.

இப்படிப்பட்டவருக்கென்றே உலகத்தில் ஒரு வேலை இருந்தது. விளையாட்டில் ஜெயித்தவர்களிடம் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் வாங்குகிற அதிகாரி. உயிரியல் ஆசிரியையாக இருந்த காலத்திலேயே அதற்கான பயிற்சி எடுத்து, அரசாங்க அனுமதியும் வாங்கி, எங்கேயாவது போட்டி நடந்தால் ஒப்பந்தத்தில் போய் வருவார். என் மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எச்செம் அம்மாவுக்கு இது என்ன தலையெழுத்து?" என்று கேட்டார். அக்காவுக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

வேலை இதுதான். ஜெயித்த பெண் மேடையை விட்டு இறங்கியதும் ஒரு துணை ஆள் அவளோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அவள் தண்ணீர் குடித்தாலும், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாலும், சோதனை அறைக்குள் நுழையும்வரை கண்ணுக்குத் தப்பக் கூடாது. பிறகு பெண் அதிகாரி அவளோடு கழிப்பறைக்குள் போவார். மேலே மார்புவரை, கீழே முழங்கால்வரை துணியை விலக்கச் சொல்லி, சிறுநீர் உடம்பிலிருந்து புறப்பட்டுக் குவளையில் விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஏனென்றால் வேறொருத்தியின் சிறுநீரைச் சின்னப் பையில் கட்டி உடம்போடு ஒளித்துக்கொண்டு வருகிற கில்லாடிகள் உண்டு. பார்த்த பிறகு படிவத்தில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

துணை ஆளாக என்னைச் சேர்த்துவிட்டது அவர்தான். முதல் போட்டியிலேயே மாட்டிக்கொண்டேன். என் பையனுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன். பையிலிருந்து எடுத்து யார் என்று பார்த்தேன், உடனே உள்ளே போட்டுவிட்டேன். அதற்குள் அக்கா எங்கிருந்தோ பார்த்துவிட்டார்.

"எத்தன நேரம் அந்தப் புள்ளையப் பாக்காம இருந்தே?"

"அஞ்சு செகண்டு இருக்கும் அக்கா."

"எழுது."

"என்னத்த எழுத?"

"அஞ்சு செகண்டு பாக்கலேன்னு குறிப்புல எழுது."

எழுதினேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு இளநீரைச் சுமந்துகொண்டு வீட்டுக்கே வந்து, பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மாமியாரோடு விலைவாசி பேசிக்கொண்டிருந்தார். அவரை வெறுக்கவும் முடியாது. அதுதான் தொல்லை.

மாதேஸ்வரியைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் படித்த பெண். அப்பா கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர், அம்மா கலவை சுமப்பவர். எல்லையில் ஓடுகிற பாலாற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து, எங்கே கட்டடம் எழும்புகிறதோ அங்கேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தவர்கள். என் விளையாட்டுச் சாமான் அறையில் ஓர் இரும்பு பீரோ உண்டு. நாலு பையன்கள் மூச்சு வாங்க நகர்த்துவார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தனியாக அதைத் தள்ளிவிட்டு, அடியில் போன பந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள்தான். நான் பாரம் தூக்கும் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டேன். பீஸ் கட்டியது அக்கா. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

பல வருஷங்கள் கழித்து மைசூரிலேயே ஒரு சர்வதேசப் போட்டி வந்தது. பாரம் தூக்குகிற விளையாட்டுகள் இரண்டு மூன்று உண்டு, ஒவ்வொன்றுக்கும் சம்மேளனங்களும் ஒன்றுக்கு மேல் உண்டு. இது எது என்று கேட்காதீர்கள். சர்வதேசச் சம்மேளனம் என்றால் ஏதோ பெரிய நீதிமன்றம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால், பாஸ்போர்ட் வைத்திருக்கிற நம்ம ஊர்ச் சங்கம்தான்! தலைவர் ஒரே ஆள், எத்தனையோ வருஷமாக. அவருக்கு ஓட்டுப் போடுகிற நாடுகளுக்குப் போட்டி நடத்துகிற வாய்ப்பு, நட்சத்திர ஓட்டல், கமிட்டிகளில் நாற்காலி. போட்டியை நடத்துவதும் அவர்கள், ஊக்கமருந்துச் சோதனை செய்வதும் அவர்கள், முடிவை ஒப்புக்கொள்வதும் அவர்கள். அந்தப் போட்டிக்கு அக்காவைச் சோதனை அதிகாரியாக வைத்ததும் அவர்களே. என்னைத் துணை ஆளாக அவர் கூட்டிப் போனார்.

மாதேஸ்வரியும் அதில் கலந்துகொண்டாள். அக்கா முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார்: இந்தப் பெண் எனக்குத் தெரிந்தவள், இவளுக்குச் சோதனை என்றால் வேறு அதிகாரியைப் போடுங்கள் என்று. உள்ளூர்ச் சங்கச் செயலாளர் அதைப் படித்துவிட்டு என்னிடம், "உங்க மேடத்துக்கு வேற வேலையே இல்லியா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

அவள் அன்று தூக்கிய தூக்கு! அரங்கமே எழுந்து நின்றது. ஆனாலும் ஒரு வெளிநாட்டுப் பெண் கடைசி முயற்சியில் அதைத் தாண்டிவிட்டாள். அவளுக்குத் தங்கம், இவளுக்கு வெள்ளி. இவளுக்கு வெள்ளியே பெரிது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை காத்திருந்தது. சர்வதேசப் பதக்கம் வேண்டும், வயது வரம்பு அந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

தங்கம் வாங்கியவளோடு ஒட்டிக்கொண்டது நான். மத்தியானம் மூன்று மணி இருக்கும். எடை குறைக்கப் பட்டினி கிடந்து, வியர்வை சிந்திவிட்டு வருகிறவர்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தும் இரண்டு மணி நேரம் சிறுநீர் வராமல் உட்கார்ந்திருப்பார்கள். இவள் தண்ணீரைத் தொடவில்லை. வந்து ஐந்து நிமிஷத்தில், நான் தயார் என்றாள். மைசூர் வெயிலில் கனமான ஜாக்கெட் வேறு. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன்.

அப்போது கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்தார். சம்மேளனத்தின் மருத்துவக் குழுவில் இருப்பவர். கைகூப்பி 'நமஸ்காரா' சொல்லப் பழகி வைத்திருந்தார். மிகவும் தன்மையாக ஆங்கிலத்தில் பேசினார். இந்தப் பெண்ணின் நாட்டில் பெண்ணுக்குப் பெண்கூட உடம்பைக் காட்ட மாட்டார்கள், நீங்கள் தாராளமாக உள்ளே போங்கள், ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள், மரியாதைக்காகத்தான், இந்தியப் பெண்களுக்கு இது சொல்லாமலே புரியும் என்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார், எங்களையெல்லாம் பார்க்கிற அதே பார்வை. "நான் பார்க்கவில்லை என்றால் பார்த்ததாக எழுத மாட்டேன். பரவாயில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். நான் மனசுக்குள் கைதட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் செயலாளர் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று ஆரம்பித்தார். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று அர்த்தம்; கர்நாடகத்தில் பஸ் சீட்டிலிருந்து சட்டசபைவரை எல்லாவற்றையும் ஓட்டுகிற வாசகம் அது. அக்கா கையுறைப் பெட்டியை இழுத்து வைத்தார். அப்போதுதான் செயலாளர் விஷயத்துக்கு வந்தார். அக்கா திரும்பி நிற்காவிட்டால், இங்கே சோதனையில் குளறுபடி நடந்ததாகச் சொல்லிப் போட்டி முடிவையே ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். ஒருத்தருக்கும் பதக்கம் கிடையாதாம். "நம்ம பொண்ணோட வெள்ளியும் போச்சு மேடம். உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுதானே? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே, தெரிஞ்ச பொண்ணுன்னு" என்றார்.

கதவுக்கு வெளியே நடையில் மாதேஸ்வரியின் அம்மா நின்றிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்தவர். சேலையில் சிமெண்ட் காயவில்லை. மகளின் பதக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் யோசனை கேட்டார்.

"நீ என்ன சொல்றே அம்மிணி?"

"திரும்பி நின்னுடுங்க அக்கா" என்றேன். "ரெண்டே நிமிஷம். அவ வாழ்க்கை அக்கா."

மாதேஸ்வரிக்காகத்தான் சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அடுத்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்குப் பெண்கள் அணியோடு மேனேஜராக என்னை அனுப்புவதாகச் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். விமானத்தில் ஏறியதே இல்லை நான். பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதுவும் என் கண்முன் வந்து நின்றது.

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணோடு உள்ளே போனார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, குவளை நிரம்பி வந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நேரம் எழுதினார். எழுதிய பிறகு பேனாவை மூட மறந்து அப்படியே பைக்குள் போட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "செவுத்தப் பாத்துட்டு நின்னேன், பின்னால பிளாஸ்டிக் சத்தம் கேட்டுச்சு." பை முழுவதும் பச்சை மை ஊறிப் போயிருந்தது.

மாதேஸ்வரிக்கு வேலை கிடைத்தது. அப்பா, அம்மா, அவள் மூன்று பேருமாக ஒரு தட்டு நிறைய மைசூர்பாகும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். அக்கா தட்டை வாங்கிக்கொண்டார். வாழ்த்தினார். எல்லாம் மேஜையில் இருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டே செய்தார். வெளியே வந்து அந்தப் பெண் என்னைக் கேட்டாள், "எச்செம் மேடத்துக்கு என்மேல ஏதாவது கோபமா மிஸ்? மொகத்தையே பாக்கல." வேலைப் பளு என்று சொன்னேன்.

அந்த வாரமே சோதனை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். பள்ளியிலும் ஆள் மாறிப்போனார். யார் பேசினாலும் ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். லீவு கேட்கப் போனவர்களுக்கு ஏக சந்தோஷம். பொய்க் காரணத்துக்கெல்லாம் தாராளமாக லீவு கிடைத்தது. வயித்து வலி என்றாலும் சரி, செத்த பாட்டி மறுபடி செத்தாலும் சரி, தலையை நிமிர்த்தாமல் கையெழுத்து. ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அங்கே உட்கார முடியாது.

நான் வெளிநாடு போய் வந்தேன். ஆமாம், போனேன். அங்கே ஓட்டல் வாசலில் கோட்டுக்காரரைப் பார்த்தேன், வணக்கம் சொன்னேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சம்மேளனத்தின் குட்டு உடைந்தது. உள்ளேயிருந்த ஒருவரே காகிதங்களை வெளியே கொடுத்துவிட்டாராம். வெளிநாட்டில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். பழைய சிறுநீர்ப் புட்டிகளை வருஷக்கணக்கில் உறைய வைத்திருப்பார்கள்; அவற்றை எடுத்துப் பார்த்தால், வெவ்வேறு நாட்டுப் பெண்கள் மூன்று பேர் கொடுத்த சிறுநீர் ஒரே ஒருத்தியுடையதாக இருந்தது. அதில் ஒரு புட்டி மைசூரிலிருந்து போனது. படிவத்தில் அக்காவின் கையெழுத்து.

கம்ப்யூட்டர் வழியாக விசாரணை என்று அவருக்குக் கடிதம் வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை; என் பங்கு கதவோடு முடிந்துவிட்டதாகத்தான் காகிதம் சொன்னது. அன்று காலையில் குவெம்புநகர் வீட்டுக்கு ஓடினேன். "பாத்தேன்னே சொல்லிடுங்க அக்கா. கையெழுத்து இருக்கு. அந்த ரூமுக்குள்ள உங்களத் தவிர யாரு இருந்தா? யாருக்குத் தெரியும்?" என்றேன். அவர் பெயர் கெடுமே என்று மட்டும் சொல்லவில்லை. துணை ஆள் ஒருத்தி இருந்தாளே, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டுவிட்டால்? அரசாங்க வேலை. எனக்கு இன்னும் பதினைந்து வருஷ சர்வீஸ் இருந்தது.

"யாருக்கும் தெரியாதுதான்" என்றார் அக்கா. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நான் கேமராவில் விழாத மூலையில் மோடா போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு பெண்குரல் கேட்டது: சிறுநீர் கொடுத்ததை நேரில் பார்த்தீர்களா?

"இல்லை. சுவரைப் பார்த்து நின்றேன். பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. அப்படியும் பார்த்ததாக எழுதினேன்" என்றார் அக்கா. எத்தனையோ காலத்துக்குப் பிறகு நேராக நிமிர்ந்து, எதிரில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

யார் அப்படிச் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டார்கள். கோட்டுக்காரரையும் செயலாளரையும் சொன்னார்.

உங்களோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இதில் உண்டா என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்கு மூச்சு வந்தது.

கோட்டுக்காரர், அப்படி எதுவும் நான் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செயலாளரும் அப்படியே. அவர்கள் பேசியது காற்றோடு போயிற்று. காகிதத்தில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்துதான். சம்மேளனத் தலைவர் உடல்நிலை காரணமாகப் பதவி விலகினார். கௌரவமாக வேறொரு பதவி கொடுத்து உட்கார வைத்தார்கள். செயலாளருக்குப் போன வருஷம்கூட ஒரு விழாவில் மைசூர்ப் பேட்டா தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தினார்கள். அக்காவுக்கு ஆயுள் தடை. பேப்பரில் படத்தோடு வந்தது. பால்காரரிலிருந்து பழைய மாணவிகள்வரை எல்லோரும் படித்தார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹனூருக்கே போய்விட்டார்.

நான் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். தம்பி வீட்டு வாசலில் மக்காச்சோளம் காயப் போட்டுவிட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். அன்று என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னது நீ. கையெழுத்துப் போட்டது என்ற கை" என்றார்.

"அக்கா, அன்னிக்கு நான் மாதேஸ்வரிக்காக மட்டும் சொல்லல" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அம்மிணி. உன்ற பாஸ்போர்ட்டுக்கு ஆட்சேபணை இல்லேன்னு எழுதிக் குடுத்ததே நாந்தானே. எங்க போறேன்னும் அதுல எழுதியிருந்துச்சே" என்றார். அடுத்த வார்த்தையே, "சாப்பிட்டுட்டுப் போ, கொள்ளுப் பருப்புக் கடஞ்சிருக்கு."

எல்லாம் தெரிந்துதான் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். தெரிந்துதான் அன்று 'இல்லை' என்று சொல்லியிருக்கிறார். கையில் எடுத்த சோற்றை விழுங்க என்னால் முடியவில்லை. எழுந்து கை கழுவப் போன இடத்தில் நின்று அழுதேன்.

அந்த வெளிநாட்டுப் பெண்ணிடமிருந்து தங்கத்தைப் பறித்து மாதேஸ்வரிக்கு அனுப்பி வைத்தார்கள். கூரியரில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். பதக்கத்தை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, "இத வச்சு இப்ப என்ன மிஸ் பண்றது?" என்றாள். அன்றைக்கே தங்கம் கிடைத்திருந்தால் தேசிய முகாமுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். அதற்கடுத்த வருஷம் பெரிய போட்டி ஒன்று இருந்தது. இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆபீஸ் மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டியிருக்கிறது அவளுக்கு.

"எச்செம் மேடம் எப்படி மிஸ் இப்படி? எவ்ளோ வாங்கினாங்களாம்?" என்றாள்.

பதக்கம் எங்களுக்கு நடுவில் கிடந்தது. சொல்லியிருக்க வேண்டும். பணம் வாங்கவில்லை, உன் வேலைக்காகத் திரும்பி நின்றார், நிற்கச் சொன்னது நான் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

"காபி குடி, ஆறிடப் போகுது" என்றேன்.

போன ஆடி மாதம் அக்கா இறந்துவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். தம்பி போன் செய்ததும் முதலில் மாதேஸ்வரியைத்தான் கூப்பிட்டேன். "நான் வரல மிஸ். அவங்க மொகத்துல முழிக்க எனக்கு இஷ்டமில்ல" என்றாள். பள்ளியிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. தம்பி குடும்பமும் ஊர்க்காரர்களும் நானும்தான். அந்தப் பெண்ணின் பயிற்சிக்கு அத்தனை வருஷம் பீஸ் கட்டியவரைத் தூக்கிப் போகும்போது அவள் இல்லை. அவளை வரவிடாமல் செய்தவள் கூடவே நடந்து போனாள்.

அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மைசூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளி அறிக்கை, மேலதிகாரிக்குக் கடிதம், கடைக்குச் சாமான் பட்டியல், எல்லாம் கன்னடத்தில்தான் எழுதுவேன். நன்றாகவே வரும். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் கற்றுக்கொடுத்தது, எழுத எழுதத் தடுமாறுகிறது. இருந்தும் தமிழில்தான் எழுதிக்கொண்டு போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரி வந்திருந்தாள். இந்தத் தாள்கள் சாப்பாட்டு மேஜைமேல் அப்படியே கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது.

"இவ்ளோ என்ன மிஸ் எழுதறீங்க?" என்றாள்.

"சமையல் குறிப்பு" என்றேன்.